பின் கண்ணாடியில் எழுதிய எண்

சிரக்யூஸ், நியூயார்க்
9 மார்ச் 2003

லொரெய்னுக்கு,

இருபத்தேழு வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். போதும். நீ நலமா, அப்பா நலமா என்று கேட்டுவிட்டே ஆரம்பிக்கிறேன். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பாள் அம்மா. முதுகுவலியையும், துறைத் தலைவர் பதவி மூன்றாவது முறையாக என்னைவிடப் பத்து வயது இளையவனுக்குப் போனதையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நானும் நலம்தான்.

கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு அப்பாவின் நேரச் சீட்டுகளை அனுப்பியிருந்தாய். முன்பு அம்மா அனுப்புவாள், இப்போது நீ. கிழவர் தன் கையால் கட்டிய ஐம்பத்து மூன்றாம் வருட ஸ்டூட்பேக்கர் காரில் கால் மைலை எத்தனை விநாடியில் கடந்தார் என்று எனக்கு யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நம் குடும்பத்தில் ஒரு நினைப்பு. அந்தச் சீட்டுகளைப் பார்த்தால் எனக்கு ஒரு வாரம் நாற்காலியில் இருப்புக் கொள்வதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

1976 ஆகஸ்ட். மில் க்ரீக் கார் பந்தய டிராக்கில் அந்த வருட இறுதி ஓட்டம். அப்பா மணிக்கட்டை முறித்துக்கொண்டதால்தான் கார் என் கைக்கு வந்தது, பாசத்தால் அல்ல. எத்தனை விநாடியில் ஓடுவோம் என்று ஒவ்வொருவனும் முன்னாலேயே சொல்லிக் கண்ணாடியில் எழுத வேண்டும். மெதுவான காரை அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப முன்னதாகவே விடுவார்கள். சொன்னதைவிட வேகமாகப் போய்விட்டால் தோல்வி. வேகமாக ஓடியவனைத் தோற்றவன் என்று சொல்லும் போட்டி வேறு எங்காவது உண்டா? ஆனாலும் விதி விதிதான்.

அன்று காலை நான் ஓடிய மூன்று ஓட்டங்கள் 12.91, 12.92, 12.91. இறுதிக்கு 12.90 என்று உன்னிடம் சொன்னேன். வெள்ளை ஷூ பாலிஷ் உன் கையில் இருந்தது. பின் கண்ணாடியில் நீ எழுதியது 12.98. இருக்கையோடு கட்டிப் போடப்பட்டவனுக்கு முதுகுக்குப் பின்னால் எழுதியது எப்படித் தெரியும்? நான் 12.93-ல் ஓடினேன். ஹார்லன் ஃப்ரேயின் பிக்கப்பை ஒரு வண்டி நீளம் பின்னால் தள்ளிவிட்டுக் கோட்டைத் தாண்டினேன். வெற்றி விளக்கு அவன் பக்கம் எரிந்தது. ஒவ்வொரு வருடமும் ஜெயித்தவன் பெயரை எழுதும் டவர் சுவரில் அவன் பெயர் ஏறியது.

"சொன்ன நேரத்தைக் காப்பாத்தத் தெரியாதவன்கிட்ட வண்டியக் கொடுத்தேன் பாரு, என் புத்தியச் சொல்லணும்" என்று அப்பா எல்லார் முன்னாலும் சொன்னார். நீ என்ன சொன்னாய்? "கை தவறிடுச்சு, யூஜின்." அந்த வாரமே நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். அதன் பிறகு அந்தக் காரில் நான் உட்கார்ந்ததே இல்லை.

உன் கை தவறாது, லொரெய்ன். பள்ளியில் உன்னைப் போல் எண் எழுதியவர்கள் கிடையாது. ஏன் அப்படி எழுதினாய்?

இதற்குப் பதில் வேண்டும். இந்த வருடச் சீட்டுகளை வருடக் கடைசி வரை வைத்திருக்காமல் அவ்வப்போது அனுப்பு. என் புள்ளியியல் வகுப்புக்கு உண்மையான எண்கள் தேவைப்படுகின்றன. அப்பாவிடம் விசாரித்ததாகச் சொல்ல வேண்டுமென்று தோன்றினால் சொல்.

யூஜின்

*

சௌத் பெண்ட், இண்டியானா
22 ஏப்ரல் 2003

அன்புள்ள யூஜின்,

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அந்தப் பதவி உனக்குக் கிடைக்காதது அவர்களுக்குத்தான் நஷ்டம். இங்கே எல்லாரும் சௌக்கியம். நேற்று ஈஸ்டர் மறுநாள், ஊரே சாசேஜும் முட்டைக்கோசுமாக மணத்தது. அப்பா மூன்று சாசேஜ் சாப்பிட்டார். டாக்டர் அனுமதித்தது ஒன்றுதான். குளிர்காலத்தில் பனியில் வழுக்கிவிட்டார், இப்போது ஒரு கைத்தடி வைத்திருக்கிறார். மற்றபடி வாய் அப்படியேதான் இருக்கிறது.

போன சனிக்கிழமை டிராக் திறந்தார்கள். பழைய ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஹார்லன் நெஞ்சில் பேட்டரி வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"என்னடா ஹார்லன், வண்டிக்கு வாங்கின பேட்டரிய டாக்டர் உனக்கு மாட்டிட்டானா?" என்றார் அப்பா.

"உனக்கு மாட்டினாலும் ஸ்டார்ட் ஆகாதுடா, கிழவா" என்றான் அவன்.

டிராக் முதலாளி டிரெஸ்லருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது, கழிவறை நாறுகிறது என்று. அதைச் சாப்பாட்டு ஜன்னல் பக்கத்துப் பலகையில் குத்திவைத்துவிட்டார். "பேர் போட்டு எழுதினா அது புகாரு. கமிட்டி கூடணும், எவனோட புள்ளியையாவது வெட்டணும், எனக்குத் தலைவலி. பேர் போடலேன்னா அது வெறும் வாசிப்பு. வரிசைல நிக்கிறவன் வாசிச்சுட்டு சாசேஜ் வாங்கிட்டுப் போறான்" என்கிறார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கையெழுத்தை உற்றுப் பார்த்து, எழுதியது ஹார்லனின் மனைவிதான் என்று ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

உன் மற்றக் கேள்வியைப் பிறகு பார்க்கலாம். பள்ளிப் பேருந்தைக் கிளப்ப நேரமாகிவிட்டது.

லொரெய்ன்

*

சிரக்யூஸ்
4 மே 2003

லொரெய்னுக்கு,

நலம். நலமறிய வேண்டியும்தான்.

உன் கடிதத்தில் சாசேஜுக்கும் ஹார்லனின் நெஞ்சுக்கும் கழிவறைக்கும் இடம் இருக்கிறது. 12.98-க்கு அரை வரி. பேருந்தை முப்பது வருடமாகக் கிளப்புகிறாய், ஒரு வரி எழுதினால் அது ஓடிப்போய்விடாது.

இன்னொன்று. கைத்தடி எந்தக் கையில் இருக்கிறது?

யூஜின்

*

சௌத் பெண்ட்
10 ஜூன் 2003

அன்புள்ள யூஜின்,

உனக்கும் உன் முதுகுக்கும் நன்மை உண்டாகட்டும். பள்ளி விடுமுறை விட்டாயிற்று, எனக்கும் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. ஆறு சீட்டுகள் வைத்திருக்கிறேன், உன் மாணவர்களுக்கு.

நம் கார் புள்ளிகளில் முதலிடம்! ஹார்லன் இரண்டாவது. முதல் இரண்டு பேர்தான் அக்டோபர் பதினொன்றாம் தேதி இறுதியில் ஓடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். டவர் சுவரைப் போய் எண்ணிப் பார்த்தேன். ஹார்லன் பெயர் ஆறு இடத்தில் இருக்கிறது. அப்பா பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. நாலு தடவை இறுதி வரைக்கும் போய்த் தோற்றிருக்கிறார். சுவரில் இன்னும் மூன்று வரிக்குத்தான் இடம். அதற்கு மேல் வெள்ளையடித்து முதலிலிருந்து எழுதப்போகிறார்களாம். அப்பா தினமும் இதையே பேசிக்கொண்டிருக்கிறார்.

"நாப்பது வருஷமா ஓட்றேன். அந்தச் சுவத்துல என் பேர் வராம நான் போகமாட்டேன்."

"எங்கே போறதா உத்தேசம்?" என்றேன்.

"உன் அம்மாகிட்ட. வெறுங்கையோட போனா உள்ளயே விடமாட்டா."

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. எனக்கு இப்போதெல்லாம் காலையில் ஐந்துக்கே விழிப்பு வந்துவிடுகிறது, கால் பரபரக்கிறது. வயதாகிறது போல.

லொரெய்ன்

*

சிரக்யூஸ்
29 ஜூன் 2003

லொரெய்னுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இப்போது நான் கேட்கப்போவதற்கு உன் உடம்பு திடமாக இருக்க வேண்டும்.

பச்சை விளக்கு எரிந்ததிலிருந்து கார் நகரும் வரை அப்பாவுக்கு ஆகும் நேரம், என்னிடம் இருக்கும் பத்து வருடச் சீட்டுகளின்படி, 0.14 முதல் 0.19 விநாடி. போன வருடம் மட்டும் 0.21. வயது ஏறினால் அப்படித்தான் ஏறும். நீ அனுப்பிய ஆறு சீட்டுகளில் 0.04, 0.03, 0.03, 0.05, 0.03, 0.02. எழுபத்தொன்றாம் வயதில் எந்த மனிதனின் காலும் இருபது வருடம் பின்னோக்கிப் போவதில்லை.

முதல் அறுபது அடியையும் கார் முன்னைவிடச் சீக்கிரம் கடக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் எடை குறைந்திருக்கிறது. நாற்பது பவுண்டு என்பது என் மதிப்பு. அப்பா எப்போதும் சீட்டின் ஓரத்தில் பென்சிலால் யாரையாவது திட்டி எழுதியிருப்பார். இந்த ஆறிலும் ஓரம் சுத்தமாக இருக்கிறது. அவர் வலக்கைக்காரர். கைத்தடியைப் பற்றிக் கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை.

அந்த ஹெல்மெட்டுக்குள் இருப்பது யார்?

யூஜின்

*

சிரக்யூஸ்
3 ஆகஸ்ட் 2003

லொரெய்னுக்கு,

நலம் விசாரித்து எழுதிய கடிதத்துக்கு ஐந்து வாரமாகப் பதில் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். விநாடியில் நூறில் மூன்று பங்குக்குள் கிளம்புகிறவளுக்கு என்ன குறை?

பதிவு செய்த ஆள்தான் ஓட்ட வேண்டும் என்று மில் க்ரீக்கில் இப்போது விதி இருக்கிறது. விதிப்புத்தகத்தைத் தபாலில் வரவழைத்துப் படித்துவிட்டேன். இந்த மாதம் முடிவதற்குள் நீ எழுதாவிட்டால் நான் டிரெஸ்லருக்கு எழுதுவேன். முழுப்பெயரும் கையெழுத்தும் போட்டு எழுதுவேன்.

யூஜின்

*

சௌத் பெண்ட்
24 ஆகஸ்ட் 2003

யூஜின்,

சௌக்கியமா என்று கேட்கிறேன், சௌக்கியமாகவே இரு. இங்கே சௌக்கியம் இல்லை. ஜனவரியிலிருந்தே இல்லை.

பதினாறாம் தேதி கராஜில் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு திரும்பி வந்தது, கால் பாதி வந்தது. தெரிந்தால் நீ வந்து சத்தம் போடுவாயோ என்று உனக்குச் சொல்லவில்லை. தெரிந்தும் வராமல் இருந்துவிடுவாயோ என்றும்தான்.

மார்ச்சில் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: "வண்டி நிக்கக் கூடாது. நீ ஓட்டு. பேரு என் பேரா இருக்கட்டும்."

"என் பேர்லயே ஓட்டினா என்ன?"

"உன் பேர யாருக்குடி தெரியும்?"

முப்பத்தைந்து வருடமாக அந்தக் கண்ணாடியில் எண் எழுதியிருக்கிறேன், யூஜின். ஒரு தடவை நீ உட்காரேன் என்று யாரும் சொன்னதில்லை. நீயும் சொன்னதில்லை. அதனால் சரி என்றேன். அவருடைய நெருப்புத் தாங்கும் சட்டை, அவருடைய ஹெல்மெட். முகக் கண்ணாடி மட்டும் புதிது, கறுப்பு. அவர் டிரக்குக்குள் தொப்பியை இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் ஓடிவிட்டு வந்து டிரக்கில் ஏறுவேன், அவர் இறங்கிப்போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு வருவார்.

நாங்கள் ரொம்ப சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மே மாதம் வரிசையில் நிற்கும்போது ஹார்லன் என் ஜன்னலில் குனிந்தான். "என்ன கேஸி, இந்த வருஷம் இடுப்பு வடிவா இருக்கே! என்ன சாப்பிட்றே?" என்றான், அப்பாவைக் கூப்பிடும் செல்லப் பெயரிலேயே. நான் வாயைத் திறக்க முடியுமா? விரலால் ஒரு பதில் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்துவிட்டது. டிரெஸ்லருக்கும் தெரியும். "காஸிமிர் பிலார்ஸ்கி! வயசு எழுபத்தொண்ணு, காலுக்கு மட்டும் பதினெட்டு!" என்று ஒலிபெருக்கியில் கத்துகிறார். யாரும் எழுத்தில் கொடுக்காதவரை தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்.

முப்பது வருடமாக அறுபது குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்றவள் நான். தொடக்கக் கோட்டுக் கம்பத்தில் மஞ்சள் விளக்கு ஒவ்வொன்றாகப் பச்சையை நோக்கி இறங்கி வரும்போது என் கால் தானாகவே கேட்கிறது, இன்னும் எவ்வளவு நேரம், இன்னும் எவ்வளவு நேரம் என்று. சனிக்கிழமை வரும்வரை வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

நீ கையெழுத்துப் போட்டு எழுதினால் எல்லாப் புள்ளியும் போகும். எழுதுவதானால் எழுது. அக்டோபர் பதினொன்று வரை மட்டும் பொறு.

லொரெய்ன்

*

சிரக்யூஸ்
7 செப்டம்பர் 2003

லொரெய்னுக்கு,

அவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? உன் கடிதம் வந்த பிறகு மூன்று நாள் வகுப்பெடுத்தேன், என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கும் தபால் பெட்டிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

டிரெஸ்லருக்கான கடிதம் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, உறையில் இருக்கிறது. தபால்தலையும் ஒட்டியாயிற்று. நீ ஓட்டுகிறாய், பெயர் அவருக்கு. உனக்கு இது நியாயமாகப் படுகிறதா? எனக்குப் படவில்லை. எனக்காகப் படவில்லையா, உனக்காகவா என்று கேட்காதே.

அக்டோபர் பதினொன்று வரை பொறுக்கிறேன். அதற்குள், அல்லது அதற்கு அடுத்த தபாலில், 12.98-க்கு உண்மையான பதில் வர வேண்டும். வந்தால் உறையைப் பற்றி யோசிப்பேன்.

யூஜின்

*

சௌத் பெண்ட்
13 அக்டோபர் 2003

அன்புள்ள யூஜின்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஜெயித்துவிட்டோம். அதைச் சொல்வதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை நல்ல குளிர். குளிர்காற்றில் கார் பாயும். காலையில் 12.72, 12.71 ஓடியிருந்தேன். இறுதிக்கு 12.70 என்று நானே எழுதிவிட்டு, உள்ளே உட்கார்ந்து பட்டைகளை மாட்டிக்கொண்டேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரே ஜோடி. அப்போது பக்கக் கண்ணாடியில் பார்க்கிறேன், அப்பா டிரக்கைவிட்டு இறங்கிக் கைத்தடியை ஊன்றி வருகிறார். இடது கையில் ஷூ பாலிஷ். என் எண்ணைத் துடைத்துவிட்டுப் பின் கண்ணாடியில் எழுதுகிறார்.

அந்த மனிதர் அந்தக் கண்ணாடியின் முன்னால் அப்படி நின்றதை நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

ஐந்து பட்டையையும் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வந்தேன். 12.79 என்று எழுதியிருந்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே கத்தினேன். "எதுக்கு மாத்தினீங்க?"

"நீ கடைசில பயந்துடுவ. மெதுவாத்தான் வருவ. எனக்குத் தெரியும்."

"மாத்தாதீங்க."

"வண்டி யாருதுடி?"

"கால் யாருது?" என்றேன். பாலிஷைப் பிடுங்கி, சட்டைக் கையாலேயே அதைத் துடைத்து, மறுபடி 12.70 எழுதினேன். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யூஜின். ஹெல்மெட் போட்ட ஒரு காஸிமிர் பிலார்ஸ்கி, கைத்தடி ஊன்றிய இன்னொரு காஸிமிர் பிலார்ஸ்கியோடு சண்டை போடுகிறார். டிரெஸ்லர் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒலிபெருக்கியில் நாளைக்கு மழை வருமா என்று பேச ஆரம்பித்துவிட்டார். ஹார்லன் தன் பிக்கப்பை நகர்த்தாமல் நான் மாட்டிக்கொள்ளும் வரை காத்திருந்தான். அவன் நினைத்திருந்தால் கிளம்பியிருக்கலாம்.

12.71. அவனைவிட அரை வண்டி முன்னால். விளக்கு என் பக்கம். அந்த 12.79 இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் கேள்விக்கும் இதுதான் பதில். அன்று என் கை தவறவில்லை. 12.90 என்றுதான் எழுதினேன். அவர் வந்து, "பையன் பயந்து மெதுவா வருவான், கடைசில எட்டுன்னு போடு" என்றார். போட்டேன். வயது இருபத்தைந்து, அவர் சொல்லிச் செய்யாதது ஒன்றும் இல்லை அப்போது. பிறகு நீ என்னைப் பார்த்த பார்வையைக் கண்டு, உண்மையை அவரே சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவ்வளவுதான், இருபத்தேழு வருடம்.

வசந்தத்தில் சுவரில் எழுதுவார்கள், '2003 காஸிமிர் பிலார்ஸ்கி' என்று. குளிர்காலத்திலும் டிரெஸ்லர் சனிக்கிழமைகளில் சாப்பாட்டு ஜன்னலைத் திறக்கிறார், கிழவர்கள் காபி குடிக்கக் கூடுகிறார்கள். எழுத்து ஆறு அங்குலமா, எட்டு அங்குலமா என்று அப்பா இப்போதே வாதம் தொடங்கிவிட்டார். எனக்கு ஒன்றுமில்லை. ஓட்டினேன், அது போதும். இந்த ஒரு சீட்டை மட்டும் உனக்கு அனுப்பவில்லை, கோபித்துக்கொள்ளாதே. என் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

லொரெய்ன்

*

19 அக்டோபர் 2003

மில் க்ரீக் டிராக் முதலாளி திரு. டிரெஸ்லருக்கு,

தாங்களும் தங்கள் கழிவறைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இரண்டு செய்திகள். ஒன்று, இந்த வருடம் பச்சை ஸ்டூட்பேக்கரை எல்லா ஓட்டத்திலும் ஓட்டியவர் லொரெய்ன் பிலார்ஸ்கி. ஐம்பத்திரண்டு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுநர். சுவரில் எழுதும்போது பெயின்டர் எந்தப் பெயரை எழுதுவார் என்பது உங்கள் விருப்பம். எழுத்து எட்டு அங்குலம் இருக்கட்டும்.

இரண்டு, 1976 ஆகஸ்ட் இறுதி ஓட்டத்தில் அந்தக் காரின் பின் கண்ணாடியில் எண்ணை மாற்றச் சொன்னவர் காஸிமிர் பிலார்ஸ்கி. பையன் பயந்து மெதுவாக வருவான் என்று நினைத்தாராம். அன்று காலை மூன்று ஓட்டங்களின் சீட்டுகளும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தன. மூன்றும் ஒன்றுக்கொன்று விநாடியில் நூறில் ஒரு பங்குதான் வேறுபட்டன. அப்படி ஓடியவன் எட்டு பங்கு மெதுவாக வருவான் என்று யாரும் நினைக்க முடியாது. அன்று அவன் ஜெயித்திருந்தால் பிலார்ஸ்கி என்ற பெயரோடு முதலில் சுவரில் ஏறியவன் மகனாக இருந்திருப்பான். இதற்குமேல் எனக்கு விளக்கம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தால் காபி குடித்துக்கொண்டே சொல்லட்டும்.

இதே முகவரிக்குக் கையெழுத்தோடு ஒரு கடிதம் தட்டச்சு செய்து ஆறு வாரமாக மேசையில் வைத்திருந்தேன். இன்று காலை அதைக் கிழித்துவிட்டேன். கையெழுத்து இருந்தால் அது புகார். கமிட்டி கூடும், புள்ளிகளை வெட்டும், அவள் பர்ஸில் இருக்கும் சீட்டு வெறும் காகிதமாகிவிடும். கையெழுத்து இல்லாவிட்டால் வெறும் வாசிப்பு என்று நீங்களே சொன்னதாகக் கேள்வி. மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களைப் பற்றி வகுப்பில் எத்தனையோ தடவை கேவலமாகப் பேசியிருக்கிறேன். இன்று என் முறை.

பலகையில் ஜன்னலை ஒட்டி, கைத்தடி வைத்திருப்பவர் உட்காரும் ஸ்டூலின் கண்மட்டத்தில் குத்துங்கள். எழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள் என்றால் கண்டுபிடிக்கட்டும். அதற்காகத்தான் தட்டச்சு செய்யாமல் கையால் எழுதினேன். இந்த எழுத்து யாருடையது என்று அவருக்குப் பார்த்ததும் தெரியும், பக்கத்தில் சாசேஜுக்கு நிற்பவர்களுக்கும் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். கமிட்டிக்கு மட்டும் தெரியாது.

ஆகையால் கீழே ஒன்றும் எழுதவில்லை. பெயர் போடாமல், இப்படியே மடித்து, நாளைக் காலை தபாலில் சேர்க்கிறேன்.